கலங்கரை விளக்கத்துக்குத் தைத்த திரை

மடியில் மெஷின்

தையல் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு நான் கடல் தாண்டினேன். லாங் ஐலண்ட் ஜெட்டியிலிருந்து கிளம்பிய டோங்கி அது. மோட்டார் பொருத்திய மரப்படகை எங்கள் அந்தமான் தீவுகளில் அப்படித்தான் சொல்வோம். படகின் அடியில் தண்ணீர் சலசலத்துக்கொண்டே இருந்தது. கையால் சுற்றித் தைக்கும் பழைய மெஷின், இரும்பு. உப்புத் தண்ணீர் பட்டால் அப்புறம் காயலான் கடைக்குத்தான்.

“தீதி, மெஷினை நீங்க பிடிச்சிருக்கீங்க. உங்களை யாரு பிடிச்சுக்கறது?” என்று படகோட்டி ஹிந்தியில் கேட்டான். தீதி என்றால் அக்கா. நான் மெஷினை இன்னும் இறுக்கிக்கொண்டேன். வாயைத் திறந்தால் காலையில் குடித்த டீ வெளியே வந்துவிடும்போல இருந்தது.

என் காலுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை. அதற்குள் வெள்ளைக் காடாத்துணியில் நான் தைத்த எட்டுத் திரைகள். முதலில் பிளாஸ்டிக் உறை, அதன்மேல் பெட்ஷீட், அதற்கும்மேல் தார்ப்பாய்.

சென்ற வாரம் இதே பக்கத்தில் என் கப்பல் பயத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “இவ்வளவு பயப்படுகிறவர் எப்படித் தீவில் வாழ்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். பயந்துகொண்டேதான் வாழ்கிறேன் அம்மா. வேறு வழி என்ன?

படகு ஒரு முனையைத் திரும்பியதும், “அதோ பாருங்க” என்றான் படகோட்டி. செங்குத்தான கரும்பாறை. அதன் இடுக்குகளில் பச்சைக் கொடிகள் தொங்கின. கீழே அலை அடித்து நுரை மேலே சிதறியது. பாறையின் உச்சியில், காடு முடிகிற இடத்தில், வெள்ளையாக அந்தக் கோபுரம் நின்றது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கலங்கரை விளக்கம்.

அதன் உச்சியில்தான் என் மகள் வேணிக்கு வேலை.

தீவின் பெயரைக் கேட்காதீர்கள். “எழுதறதுன்னா எழுதிக்கோ, பேரு மட்டும் போடாத” என்று வேணி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அரசாங்க உத்தியோகம்.

பகலில் எதற்குத் திரை?

எனக்கும் முதலில் புரியவில்லைதான்.

போர்ட் பிளேரில், டாலிகஞ்சில் என் தையல் கடை. ஒருநாள் மதியம் கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோது வேணியின் போன் வந்தது. அங்கே சிக்னல் கிடைப்பதே பெரிய விஷயம். அதனால் அவள் போன் வந்தாலே “என்ன ஆச்சு?” என்றுதான் எடுப்பேன்.

“ம்மா, ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். உனக்கு ஒரு ஆர்டர்.”

“என்ன ஆர்டர்?”

“லைட்ஹவுஸுக்குத் திரை தைக்கணும்.”

கோபுரத்தின் உச்சியில் ஒரு வட்டமான கண்ணாடி அறை இருக்கிறது. அதன் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு லென்ஸ். அடுக்கடுக்காகக் கண்ணாடிப் பட்டைகளை வைத்து அந்தக் காலத்திலேயே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. ராத்திரியில் உள்ளே எரிகிற சின்ன விளக்கின் வெளிச்சத்தை அது கடலில் வெகுதூரம் தள்ளிவிடுகிறது. பகலில் அதே லென்ஸ் தலைகீழாக வேலை செய்யும். வெளியே இருக்கிற வெயிலை இழுத்து உள்ளே ஒரே புள்ளியில் குவிக்கும். பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்கள் அல்லவா, அதேதான். அதனால் பொழுது விடிந்ததும் அறையைச் சுற்றித் திரை போட்டுவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் எடுத்துவிட வேண்டும்.

பழைய திரைகள் நைந்துபோய்விட்டன. புதியவை மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். எங்களுக்கு மெயின்லேண்ட் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்கள் ஊர் எல்லாமும். அவை கப்பலில் ஏறவே இல்லையாம். இதற்கிடையில் அங்கிருந்து ஒரு பெரிய ஆபீசர் எல்லாவற்றையும் பார்வையிட வருகிறார். வேணி அந்த இடத்துக்குப் பொறுப்பு ஏற்ற பிறகு வரும் முதல் இன்ஸ்பெக்‌ஷன்.

“அளவு என்ன?” என்று கேட்டேன்.

“டேப் வச்சு அளந்து சொல்லட்டுமா?”

“வேணாம். பழைய திரையில ஒண்ணைக் கழட்டி அனுப்பு.”

எங்கள் தொழிலில் அப்படித்தான். வாயால் சொல்கிற அளவை நம்பி நான் துணியில் கத்திரி வைத்ததே இல்லை. அளவு ப்ளவுஸ் கொண்டுவா என்பேன். வங்காளி, தெலுங்கு, மலையாளி என்று யார் வந்தாலும் சரி, அளவு ப்ளவுஸ் இல்லாமல் தைக்க மாட்டேன்.

எட்டுத் திரையும் ஒரே அளவு என்று சொல்லி ஒன்றை மட்டும் அனுப்பினாள். அந்த இடத்தில் ஒரு பெட்ஷீட்டைக் கட்டிக்கொண்டாளாம். மஞ்சளித்துப்போய், தொட்டால் அப்பளம் மாதிரி ஒடிகிற துணி. அதை மேஜையில் விரித்து வைத்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு, கடலில் போகிற கப்பல்களுக்கு வழிகாட்டுகிற இடத்திலிருந்து அளவுத் துணி வந்திருக்கிறது. அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டினேன். ஒரு வாடிக்கைக்காரப் பெண் முகர்ந்து பார்த்துவிட்டு, “கருவாட்டு வாசனை தீதி” என்றாள். அதனால் என்ன.

சாரத்திலிருந்து விழுந்த அப்பா

திரையைப் பார்சலில் அனுப்பியிருக்கலாமே, நானே ஏன் போனேன்? அதைச் சொல்ல வேண்டும் என்றால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ராமநாதபுரத்திலிருந்து இங்கே வந்த கொத்தனார். மரைன் ஹில்லில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கட்டும்போது சாரம் சரிந்து விழுந்தார். உயிர் தப்பியது, இடுப்பு போய்விட்டது. நான் ஸ்கூலிலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு அங்கே போன நேரத்தில்தான் விழுந்தார். சிமெண்டுச் சட்டியும் அவரும் சேர்ந்து வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் நான் ஸ்கூலுக்குப் போகவில்லை. அடுத்த வீட்டு மலையாளச் சேச்சியிடம் தையல் கற்றுக்கொள்ளப் போனேன்.

அன்றிலிருந்து உயரம் என்றால் எனக்கு ஆகாது. பரணில் இருந்து பாத்திரம் எடுக்கக்கூட வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவேன். அப்படிப்பட்டவளின் மகள் எலக்ட்ரானிக்ஸ் படித்து, பரீட்சை எழுதி, தேர்வாகி, பாறை உச்சியில் இருக்கிற கோபுரத்தின் உச்சிக்குத் தினமும் ஏறுகிறாள்.

வீட்டில் நானும் வீட்டுக்காரரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். நேரில் போய், பக்குவமாக எடுத்துச் சொல்லி, போர்ட் பிளேருக்கே மாற்றல் கேட்கும்படி அவளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். திரை ஒரு சாக்கு. மெஷினை எடுத்துக்கொண்டதும் பயத்தில்தான். வழியில் ஒரு தையல் பிரிந்தால்?

“ஊசி நூல் போதாதா? மெஷினைத் தூக்கிட்டுப் போறியே, அங்க என்ன கல்யாணமா?” என்றார் அவர்.

“இருக்கட்டும்” என்றேன்.

இந்த ‘இருக்கட்டும்’ என் வாழ்க்கை முழுவதும் கூடவே வருகிறது. ப்ளவுஸ் தைக்கும்போதும் பக்கவாட்டில் உள்தையலுக்கு மற்றவர்கள் ஒரு விரல் துணி விட்டால் நான் மூன்று விரல் விடுவேன். நாளைக்கு அந்தப் பெண் பெருத்துப் போனால்? பிள்ளை பெற்றால்? “தீதி, உள்ளே இன்னொரு ப்ளவுஸே இருக்கு, குத்துது” என்று சண்டைக்கு வருவார்கள். இருக்கட்டும் என்பேன்.

ஏறினேன்

கோபுரத்தில் உதவியாளராக இருக்கிற மண்டல் பையா பாறையடியில் வந்து காத்திருந்தார். பையா என்றால் அண்ணன். வங்காளி; தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஓய்வு பெறுகிற வயது. மெஷினைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

“யே க்யா ஹை தீதி? மேடம் பர்தா வருதுன்னு சொன்னாங்க. கார்கானாவே வருதுன்னு சொல்லலையே.”

அவருடைய தமிழ் எங்கள் ஹிந்தி மாதிரி. இரண்டும் கலந்துதான் ஓடும். பர்தா என்றால் திரை, கார்கானா என்றால் தொழிற்சாலை. திட்டிக்கொண்டேதான் தூக்கினார். ஆனால் ஒரு இடத்திலும் மெஷினைக் கீழே இடிக்கவில்லை.

கோபுரத்துக்குள் சுழன்று சுழன்று போகிற இரும்புப் படி. படியின் ஓட்டைகள் வழியாகக் கீழே தெரியும். வாசலில் காத்திருந்த வேணி எனக்கு முன்னால் ஏறினாள். “கீழ பாக்காத ம்மா. என் குதிகாலைப் பாரு.”

குதிகாலைப் பார்த்தேன். வெடித்திருந்தது. செருப்பு போடாமல் எத்தனை முறை ஏறி இறங்குகிறாளோ. அதைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்ததில் உயரம் மறந்துவிட்டது. ஒரு கவலையை இன்னொரு கவலையால்தான் நான் தாண்டுகிறேன்.

மேலே போனதும் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். பழைய திரைகளுக்கு நடுவே மங்கலான வெளிச்சத்தில் அந்த லென்ஸ் நின்றது. பெரிய அன்னாசிப்பழம் ஒன்றைக் கண்ணாடியில் செதுக்கியது மாதிரி. பக்கத்தில் போனால் நம் முகம் பத்து முகமாகத் தெரிகிறது. வேணி ஒரு மெல்லிய துணியால் அதைத் துடைத்துக் காட்டினாள். பச்சைப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி ஒரு பக்குவம். “யாரு சொல்லிக் கொடுத்தா?” என்றேன். “நீ வெல்வெட் துணிய தொடுவேல்ல, அப்படித்தான்” என்றாள்.

மண்டல் பையா மரச்சட்டத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். கருகிய கோடு. “எங்களுக்கெல்லாம் முன்னாடி யாரோ பர்தா போட மறந்துட்டாங்க தீதி. ஜல் கயா, எரிஞ்சுபோச்சு.”

எட்டுக் கீற்று

காலையிலிருந்து மேகமாக இருந்தது. திரை மாற்ற அதுதான் நல்ல நேரம் என்று வேணி சொன்னாள். ஆபீசர் மறுநாள் வருகிறார். பழையவற்றைக் கழற்றும்போதே கிழிந்து தூளானது. குப்பையாகக் கட்டி வைத்தார்கள். புதியவற்றை ஒவ்வொன்றாக மாட்டினோம்.

அறையைச் சுற்றி எட்டுக் கண்ணாடிப் பகுதிகள். நடுவில் நடுவில் இரும்புச் சட்டம். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கம்பி, தனித்தனித் திரை. ஒன்றை இழுத்து இன்னொன்றை மறைக்க முடியாது. கடைசித் திரையை மாட்டிவிட்டு வேணி பின்னால் வந்து நின்றாள். திரைகளின் ஓரத்தைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன். ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் ஒரு வெளிச்சக் கீற்று. இரண்டு விரல் அகலம். எட்டு இடத்திலும்.

என்ன செய்துவிட்டேன் என்று உடனே புரிந்தது. அளவு ப்ளவுஸ் என்பது உடம்பில் போட்டுப் போட்டுத் தளர்ந்திருக்கும். அதனால் அதை அப்படியே அளவு எடுக்கக் கூடாது. பக்கத்துக்கு ஒரு விரல் உள்ளே பிடித்துத் தைக்க வேண்டும். இத்தனை வருஷமாகக் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. திரைக்கும் கை அதையே செய்திருக்கிறது. திரையை யார் உடுத்தினார்கள்? அதற்குத் தோள் உண்டா, மார்பு உண்டா? எங்கே போய்த் தளரும்?

அந்த நேரம் பார்த்து மேற்கே மேகம் விலகியது. ஒரு கீற்று வழியாக வெயில் கத்தி மாதிரி உள்ளே இறங்கி லென்ஸில் பட்டது. அடுத்த பக்கத்துச் சட்டத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் சூடாகிற வாசனை வந்தது. மண்டல் பையா அவசரமாக என் மூட்டையிலிருந்த பெட்ஷீட்டை உருவி அந்தக் கீற்றை மறைத்துப் பிடித்தார்.

“விடு ம்மா” என்றாள் வேணி. “இன்னும் ரெண்டு பெட்ஷீட் இருக்கு. சுத்திக் கட்டிடலாம்.”

“நாளைக்கு ஆபீசர் வர்றாரே?”

“கேட்டா நான் சொல்லிக்கறேன்.”

“என்னன்னு சொல்லுவ?”

“என் தப்புன்னு சொல்லுவேன். அளவை நான்தான அனுப்பினேன்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. முதல் இன்ஸ்பெக்‌ஷன். துணிக்கொடி மாதிரி பெட்ஷீட் தொங்குகிற அறையில், இந்தப் பொண்ணுக்கு இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று யாராவது நினைத்தால், அடுத்த கப்பலில் வேறு ஆள் வருவார். வேணி போர்ட் பிளேருக்குத் திரும்பி வந்துவிடுவாள்.

வந்துவிடுவாள். அந்த நினைப்பு எனக்கு வந்ததை ஏன் மறைக்க வேண்டும்? நான் கேட்க வந்தது அதுதானே. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். பேசாமல் கீழே இறங்கிப் போய் டீ போட்டால் போதும். என் மகள் என் பக்கத்தில் இருப்பாள். இரும்புப் படி இல்லை, பாறை இல்லை, டோங்கி இல்லை.

திரையின் ஓரத்தைக் கையில் எடுத்துத் திருப்பினேன். உள்தையல் தெரிந்தது. மூன்று விரல் துணி, மடங்கி, பத்திரமாக, உள்ளே இருந்தது.

“பிளேடு இருக்கா?” என்று கேட்டேன்.

கோபுரத்தில் கடகட

லென்ஸுக்குக் கீழே ஒரு சின்ன அறை. அங்கே தரையில் மெஷினை வைத்தேன். வேணி ஒவ்வொரு திரையாகக் கழற்றிவந்து பிளேடால் தையலைப் பிரித்தாள். வாயில் நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. சின்ன வயதில் என் கடையில் உட்கார்ந்து பிரித்ததை அவள் கை மறக்கவில்லை. நான் மடிப்பை நகத்தால் தேய்த்து, ஓரத்தை மட்டும் மெல்லிசாக மடித்து, மறுபடி ஓட்டினேன். கைப்பிடி சுற்றுகிற சத்தம் அந்தக் கோபுரம் முழுக்கக் கடகடவென்று ஓடியது. கீழே அலை, மேலே நாங்கள்.

மேலே மண்டல் பையாவின் பாடு திண்டாட்டம். வெயில் எந்தக் கீற்றுக்குப் போகிறதோ அங்கே பெட்ஷீட்டோடு போய் நிற்க வேண்டும். திரை கழற்றிய இடத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

“தீதி, ஜல்தி கரோ, சீக்கிரம். நான் இங்க சாமி சிலை மாதிரி நிக்கிறேன்.”

“சிலை பேசாது பையா” என்றாள் வேணி.

“இது பேசுற சிலை. டீயும் கேக்கும்.”

நடுவில், மெஷினுக்குள் சுழல்கிற பாபினில் நூல் தீர்ந்தது. என் பையில் இன்னும் மூன்று இருந்தது. ஊசி ஒன்று முறிந்தது. அதுவும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் பைக்குள் கைவிடும்போது வேணி என்னைப் பார்த்தாள். கடைசியில், “ம்மா, அந்தப் பைக்குள்ள வேற என்னல்லாம் வச்சிருக்க?” என்று கேட்டாள்.

“எல்லாம்தான்.”

“உன்னைய மாதிரி ஒரு ஆளுதான் ம்மா இந்த வேலைக்கு வேணும். இங்க எல்லாத்துக்கும் ரெண்டாவது ஒண்ணு வச்சிருக்கணும். பேட்டரிக்கு ரெண்டாவது, பல்புக்கு ரெண்டாவது. ராத்திரி மூணு தடவை எழுந்து பாக்கணும், எரியுதான்னு. எரியத்தான் செய்யும். ஆனாலும் பாக்கணும்.”

“எனக்குப் பயம், அதனால பாப்பேன். உனக்கு எங்கேருந்து வந்துச்சு?”

“வேற எங்கேருந்து வரும்?” என்று சொல்லிவிட்டு அவள் பிரிக்கிற தையலைக் குனிந்து பார்த்தாள்.

எங்கள் தீவுகளில் சீக்கிரமே பொழுது சாய்ந்துவிடும். கடைசித் திரையை மாட்டும்போது மேற்கே வெயில் சரியாக எங்கள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. மண்டல் பையா பெட்ஷீட்டை மெல்ல இறக்கினார். திரைகள் சட்டத்தின் மேல் ஏறி ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நின்றன. வட்டம் முழுக்க வெள்ளை. எங்கேயும் கீற்று இல்லை. உள்ளே வெயில் பால் மாதிரி பரவி நின்றது, யாரையும் சுடவில்லை.

“படியா, பிரமாதம்” என்றார் மண்டல் பையா. பிறகு தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு, “அப் சாய், இப்ப டீ” என்றார்.

கொஞ்ச நேரத்தில் விளக்கு ஏற்ற நேரமாகிவிட்டது. அவ்வளவு பாடுபட்டுப் போட்ட எட்டுத் திரையையும் வேணி ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்து வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டாலிகஞ்ச்

மறுநாள் ஆபீசர் வந்தார். நான் கண்ணாடி அறைக்குக் கீழே, மெஷின் பக்கத்தில், உட்கார்ந்திருந்தேன். மேலே ஷூ சத்தம் வட்டமாகச் சுற்றியது. லென்ஸைப் பற்றி, பேட்டரியைப் பற்றி அவர் கேட்டார். வேணி பதில் சொன்னாள். பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் குரல் ஒரு இடத்தில்கூட தடுமாறவில்லை என்பது புரிந்தது. தடுமாறுகிற குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஷூ சத்தம் நின்றது. “பர்தா புதுசா? மெயின்லேண்ட் சப்ளை வரலைன்னு சொன்னாங்களே?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“மெயின்லேண்ட் இல்ல சார்” என்றாள் என் மகள். “டாலிகஞ்ச். எங்க அம்மா.”

அவர் என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? “அச்சா” என்றார். அவ்வளவுதான். அடுத்ததைப் பார்க்கப் போய்விட்டார். குறை சொல்ல ஒன்றும் இல்லாதபோது பெரியவர்கள் அப்படித்தான் போவார்களாம். வேணி சொன்னாள். எனக்கு அந்த ஒரு ‘அச்சா’ போதும். அதை டாலிகஞ்ச் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

லாங் ஐலண்ட் ஜெட்டிக்கு வந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“சொன்னியா? மாத்தல் கேக்கச் சொன்னியா?”

“சொல்லல.”

“ஏன்? அதுக்குத்தான போன?”

“அவளுக்கு அங்க வேலை இருக்கு” என்றேன்.

பிறகு அவர், “நீ மேல ஏறினியா?” என்று கேட்டார். ஏறினேன் என்றேன். “நீயா?” என்றார். மறுபடியும், “நீயா ஏறின?” என்றார்.

அதற்கு முன்னால் டோங்கியில் வரும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கரும்பாறை, அதன்மேல் கோபுரம், அதன் உச்சியில் கண்ணாடிக்குள் வெள்ளையாக ஒரு வளையம். படகோட்டியின் தோளைத் தட்டி, “அது நான் தைச்சது” என்றேன். அவன் மெஷினையும் என்னையும் பார்த்துவிட்டுக் கோபுரத்தைப் பார்த்தான்.

இத்தனை வருஷத்தில் நான் தைத்த துணிகளில், உள்ளே ஒரு விரல்கூட மிச்சம் பிடித்து வைக்காமல் முழுசாக விட்டுக்கொடுத்தது அந்த எட்டுத் திரைதான். நாளைக்கு அது போதுமா, போதாதா என்று திரும்பி வந்த அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.